நிம்மதிக்கு வட்டி

2024 நவம்பர் 1, வெள்ளி

நேற்று தீபாவளி. இன்று புதுச்சேரி விடுதலை நாள். 1954-ல் இதே தேதியில்தான் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். கடற்கரைச் சாலையில் கொடியேற்றமும் அணிவகுப்பும் பார்க்கப் போகலாம் என்றாள் மகள். கூட்டம் என்றதும் நெஞ்சு ஒரு தட்டு தட்டியது. "நீங்க போயிட்டு வாங்க, எனக்குக் கடைக் கணக்கு கிடக்கு" என்றேன். கடை விடுமுறை. கணக்கு எதுவும் கிடக்கவில்லை என்று அவளுக்கும் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும்.

எட்டு வருஷம் முடியப் போகிறது. 2016 நவம்பர் 8 இரவு ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். நேரு வீதி ஜவுளிக் கடையில் கணக்குப்பிள்ளை நான். அந்த வாரம் முழுக்க முதலாளியின் பணப்பையோடு வங்கி வரிசையில் நின்றேன். ஒரு நாள், எனக்கு முன்னால் இன்னும் ஏழு பேர் இருக்கும்போது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்தன. மூச்சு பாதியில் நின்றது. இன்னும் ஒரு நிமிஷத்தில் செத்துவிடுவேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. சாகவில்லை. அந்த நிச்சயம் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்து தங்கிவிட்டது.

நவம்பர் 3, ஞாயிறு

மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு. "எல்லா மருந்தும் பார்த்தாச்சு, ஒண்ணும் கேக்கல" என்று நான் வழக்கம்போலச் சொன்னதும், "என்னென்ன பார்த்தீங்கப்பா? எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள்? எழுதித் தாங்க. ஜிப்மர்ல கேட்பாங்க" என்றாள். பழைய சீட்டுகள் பிஸ்கட் டப்பாவில் இருந்தன. தரையில் பரப்பிப் பேரேட்டில் ஏற்றுவதுபோல ஏற்றினேன்.

2017: எஸிடலோபிராம் 10. 19 நாள். குமட்டல். நானே நிறுத்தினேன்.
2019: செர்ட்ராலின் 25. 9 நாள். படபடப்பு கூடியது. நானே நிறுத்தினேன்.
2021: மறுபடி எஸிடலோபிராம், இந்தமுறை 5. இரண்டு மாதம். கடைசிவரை அதே 5.
2017 முதல் இன்றுவரை: அல்பிரசோலம் 0.25, காலை, மதியம், இரவு. ஒரு நாளும் தவறியதில்லை.
எக்கோ இரண்டு, டி.எம்.டி. மூன்று, இ.சி.ஜி. பதினொன்று. எல்லாம் நார்மல்.
அமுக்கரா சூரணம் ஒரு மண்டலம். யோகா நான்கு வகுப்பு. அம்மா நேர்ந்துகொண்டதற்காக வில்லியனூர் மாதா கோயிலுக்கு இரண்டு நடை.
"ஒரு கட்டிங் போடு அண்ணே, பயம் பறந்துடும்" என்று கடைப் பையன் சொன்னதைக் கேட்டு மூன்று மாதம். இரவு பறந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு இரண்டாகத் திரும்பி வந்தது.

எழுதி முடித்துக் கூட்டிப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எட்டு வருஷத்தில் விடாமல், முழுசாக நான் சாப்பிட்டது ஒன்றே ஒன்று. அதுவும் விடமுடியாமல் சாப்பிட்டது.

நவம்பர் 6, புதன்

கோரிமேடு. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு இந்த ஜிப்மர். 1964-ல் நேருவின் பெயர் வைத்தார்கள். இருதயப் பிரிவுக்கு வழி எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். மனநலப் பிரிவுக்கு இன்றுதான் முதல் தடவை. மூன்று மருந்துச் சீட்டுகளும் வேறு இடங்களில், வயிற்றுக்கும் தூக்கத்துக்கும் என்று போனபோது எழுதி வாங்கியவை. "அங்கே போனால் யாராவது பார்த்துவிடுவார்கள்" என்பதுதான் இத்தனை நாள் காரணம். பார்த்தார்கள். எங்கள் தெரு ஆள் ஒருவர் தம்பியோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம்.

டாக்டர் நான் எழுதிப்போன தாளை இரண்டு தடவை படித்தார். "எட்டு வருஷமா வைத்தியம் நடந்திருக்கு. ஆனா ஒரு வைத்தியமும் முழுசா நடக்கலையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தணிக்கை அதிகாரி ஒரு விடுபட்ட பதிவைக் காட்டுவதுபோலக் காட்டினார். இந்த வகை மாத்திரைகள் வேலையைக் காட்ட நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். சரியான அளவுக்கு ஏற்றி இரண்டு மாதமாவது பார்த்த பிறகுதான் கேட்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். முதல் இரண்டு வாரம் பதற்றம் கூடவும் செய்யலாம். அதை 2019-ல் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஒன்பதாம் நாள் நிறுத்தியிருக்க மாட்டேன். நானும் கேட்கவில்லை.

பிறகு நான் எதிர்பார்க்காத கேள்விகள். தைராய்டு பார்த்தீங்களா? (சீட்டு எழுதினார்.) ஒரு நாளைக்கு எத்தனை காபி? ஆறு என்றேன், கடையில் வாங்கித் தருவதையும் சேர்த்து. இரண்டாக்கச் சொன்னார். குடி? அதையும் சொன்னேன்.

செர்ட்ராலின் 25-ல் தொடங்கி மெல்ல ஏற்றம். அல்பிரசோலத்தில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம், எந்தக் காரணத்துக்காகவும் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, வலிப்புகூட வரலாம் என்றார். குறைப்பதை அப்புறம் மாதக்கணக்கில் குறைக்கலாமாம். "மருந்து பாதி வேலை. மீதிப் பாதிக்கு நீங்க சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்கணும்."

நவம்பர் 12, செவ்வாய்

சைக்காலஜிஸ்ட் என் மகளைவிடப் பத்து வயது பெரியவராக இருப்பார். முதல் வேலையாக என் ரெக்சின் பையைக் காட்டச் சொன்னார். ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன். தண்ணீர் பாட்டில். அல்பிரசோலம் பட்டை. நாக்கடியில் வைக்கிற இருதய மாத்திரை (யாரும் எனக்கு எழுதித் தரவில்லை, நானே வாங்கிவைத்தது). லாமினேட் செய்த இ.சி.ஜி. புளிப்பு மிட்டாய். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர்.

"இதுல எதை இதுவரைக்கும் நெஜமா பயன்படுத்தியிருக்கீங்க?"

ஆக்ஸிமீட்டரை என்றேன். எப்போதும் 98 காட்டும், சில சமயம் 97. அந்த ஒன்று குறைந்ததற்காக ஒரு மத்தியானம் முழுவதும் நான் பயந்திருக்கிறேன்.

"வாசலில் பூனை வந்தாலும் குலைக்கிற நாய் இருக்குல்ல சார்? நீங்க ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து பார்க்கிறீங்க. நாயும் நாம குலைச்சது சரிதான்னு நினைச்சுக்குது" என்றார். இந்த வாரம் எதையும் மாற்ற வேண்டாம், எத்தனை தடவை பார்க்கிறேன் என்று கோடு மட்டும் போட்டுவரச் சொன்னார். நாட்குறிப்பையும் விடாமல் எழுதச் சொன்னார்.

நவம்பர் 14, வியாழன்

நாடி பிடித்தது, ஆக்ஸிமீட்டர், "ஏம்மா, என் முகம் வெளுத்திருக்கா?" என்று மனைவியைக் கேட்டது, கூகுளில் தேடியது. நான்கு பத்தி, ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள். மொத்தம் 41.

இரவு கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவை பார்த்ததும் அரைமணி நேரம் நிம்மதி. அப்புறம் இன்னும் சீக்கிரமாக, இன்னும் அவசரமாக அடுத்தது. இது எனக்குத் தெரிந்த கணக்குதான். மார்க்கெட்டில் காலையில் தொள்ளாயிரம் கொடுத்து மாலையில் ஆயிரம் வாங்குவார்கள். நிம்மதியை நான் அந்த மாதிரி வட்டிக்கு வாங்கிக்கொண்டிருக்கிறேன். அசல் அப்படியே நிற்கிறது.

நவம்பர் 15, வெள்ளி. உண்மையில் சனி, விடியற்காலை 2.40

பத்தாம் நாள் மாத்திரை. 2019-ல் தாண்டாத இடம். உள்ளங்கால் வரை நடுங்குகிறது. நாளையிலிருந்து வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்த கையோடு மகள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தேன்: 14416. டெலிமானஸ், மனநல உதவி எண். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை.

தமிழில் ஒரு பெண் பேசினார். பெயர்கூடக் கேட்கவில்லை. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டார். இல்லை என்றேன், அது உண்மை. தொடக்கத்தில் இப்படி இருக்கக்கூடும், தானாக நிறுத்தாமல் காலையில் டாக்டரிடம் பேசுங்கள் என்றார். பேச்சு முடிந்தபோதும் நடுக்கம் இருந்தது. முடிவு மட்டும் மாறியிருந்தது.

தாத்தா ஞாபகம் வந்தது. தாத்தா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் சைகோனில் இருந்தவர். பென்ஷன் ஃபிராங்கில் வரும். இந்த நேரத்துக்கு எழுந்து கதவின் தாழ்ப்பாளை மூன்று தடவை ஆட்டிப் பார்ப்பார். "தாத்தா திருடனுக்குக் காவல் இருக்கார்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் திருட எதுவும் இருந்ததில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

வீட்டுப்பாடம். பயம் வரும்போது உடம்பில் என்னென்ன வருமோ அதை வேண்டுமென்றே வரவழைக்க வேண்டுமாம். ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிஷம் மூச்சு விட்டால் நெஞ்சு அடைக்கும். மாடிப்படி ஏறி இறங்கினால் படபடக்கும். நின்ற இடத்தில் ஒரு நிமிஷம் சுற்றினால் தலை கிறுகிறுக்கும். இருதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் இதைத் தருவார்களாம். எனக்குப் பதினொரு இ.சி.ஜி. சாட்சி.

ஹாலில் டீப்பாயை ஓரம் தள்ளிவிட்டுச் சுற்றினேன். "அப்பா, இது தட்டாமாலைதானே!" என்று மகளும் வந்து சுற்றினாள். ஐம்பது வயசு ஆளும் பத்தொன்பது வயசுப் பெண்ணும். நாற்பது விநாடியில் சுவரைப் பிடித்தேன். பயத்துக்குப் பத்துக்கு எட்டு மார்க். அதே கிறுகிறுப்புக்குத்தான் சின்ன வயதில் வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவில் காசு கொடுத்து ராட்டினம் ஏறினோம். ஐந்தாம் சுற்றில் பயம் நான்கு மார்க். கிறுகிறுப்பு முதல் சுற்றில் இருந்த அளவே இருந்தது. இதை அடிக்கோடிட்டு வைக்கிறேன்.

நவம்பர் 26, செவ்வாய்

இன்று மனைவியையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். நான் கேட்கும்போதெல்லாம் "ஒண்ணும் இல்லைங்க, முகம் நல்லாத்தான் இருக்கு" என்று எட்டு வருஷமாகச் சொன்னவள் அவள். கடைக்கு, கல்யாணத்துக்கு, முடிவெட்டக்கூடத் துணை வந்தவள். அந்த அன்பையும் கடன் பத்தியில்தான் எழுத வேண்டியிருக்கிறது என்று சைக்காலஜிஸ்ட் வேறு வார்த்தையில் சொன்னார். இனி நான் கேட்டால் பதில் சொல்லக் கூடாது, பேச்சை மாற்ற வேண்டும்.

"நான் பதில் சொல்லாம, நெஜமாவே ஏதாவது ஆயிட்டா?" என்று கேட்டு அழுதாள். இத்தனை நாள் இந்தப் பயத்தில் அவளும் பங்குதாரர் என்பதை நான் கவனித்ததே இல்லை. புதிதாக, வழக்கமில்லாத வலி என்றால் தாமதிக்காமல் வாங்க, பழகின படபடப்புக்கு மட்டும் இந்த விதி என்று விளக்கினார்.

கிளேர் வீக்ஸ் என்ற ஆஸ்திரேலிய மருத்துவரின் கதையையும் சொன்னார். இளம் வயதில் காசநோய் என்று தவறாகச் சொல்லி அவரைப் படுக்கவைத்தார்கள். நோய் இல்லை என்று தெரிந்த பிறகும் நெஞ்சு படபடப்பு மட்டும் நிற்கவில்லை. முதல் உலகப் போருக்குப் போய்வந்த நண்பர் ஒருவர், போர்முனையில் எங்களுக்கும் இப்படித்தான் அடித்துக்கொண்டது, நீ படபடப்பைப் பார்த்துப் பயப்படுகிறாய், அதனால்தான் அது அடங்கவில்லை என்றாராம். அந்த ஒரு வார்த்தையிலிருந்து தொடங்கி 1962-ல் வீக்ஸ் எழுதிய புத்தகம் உலகமெங்கும் விற்றது. எதிர்த்து நிற்காதே, மிதந்துவிடு, நேரம் போகட்டும் என்பதுதான் சாரம்.

தாத்தாவுக்கு இப்படிச் சொல்ல ஒரு நண்பர் இருந்திருக்கலாம்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஃபெஞ்சல். நேற்று இரவு கரை தொட்ட புயல் இன்று மத்தியானம்வரை ஊரை விட்டு நகரவில்லை. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகரில் சாதாரண மழைக்கே முழங்கால் தண்ணீர். எங்களுடையது தரைத்தளம். இரவு பதினொரு மணிக்கு வாசல் வழியாக இல்லாமல் குளியலறைச் சாக்கடை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. கரண்ட் இல்லை. அம்மாவை இரண்டு பேர் தூக்கி மாடி வீட்டுக்கு ஏற்றினோம். அரிசி, கேஸ் சிலிண்டர், மகளின் புத்தகங்கள், பிஸ்கட் டப்பா. பக்கத்து கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஆட்களை மீட்டதாகக் காலையில் சொன்னார்கள்.

மாடியில் எல்லோரும் பயந்துபோயிருந்தார்கள். மெழுகுவத்தி எங்கே, யாருக்குச் சுகர் மாத்திரை வேண்டும், யார் போனில் சார்ஜ் இருக்கிறது என்று நான் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். விடிந்த பிறகுதான் உறைத்தது: இரவு முழுக்க ஒரு தடவைகூட நாடி பார்க்கவில்லை.

ரெக்சின் பை கட்டிலுக்கடியில் மிதந்தது.

டிசம்பர் 5, வியாழன்

புயலோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று திங்கள் முதல் புதன்வரை நம்பினேன். மனைவியிடம்கூடச் சொல்லிவிட்டேன். இன்று நல்ல வெயில். கடையில் நனைந்த சரக்குக்குக் காப்பீடு கேட்க வங்கியில் ஒரு தாள் வாங்க வேண்டியிருந்தது. முன்னால் ஐந்து பேர். நெஞ்சு எகிறியது, 2016-ல் எகிறிய அதே எகிறல். புயலில் வராதது ஏ.சி. ஓடுகிற வங்கியில் வந்தது.

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். முதலில் வாசலைப் பார்த்தேன். இரண்டாவதாக, கை தானாகப் பைக்குப் போனது. பை இல்லை, மொட்டைமாடியில் காய்கிறது. மூன்றாவதாக, வேறு வழி இல்லாததால் நின்றேன். 11.10-க்கு ஒன்பது மார்க். 11.18-க்கும் ஒன்பது. "அடிச்சுக்கோ, நான் தாளை வாங்கிட்டுத்தான் போவேன்" என்று மனசுக்குள் சொன்னதில் வீரம் எதுவும் இல்லை, முதலாளி கேட்பாரே என்ற கவலைதான். 11.31-க்கு ஆறு. கவுன்ட்டரில் கையெழுத்துப் போடும்போது நான்கு. கையெழுத்து கோணல். செல்லும் என்றார்கள்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். மறுபடி மழை, அகல் நிற்கவில்லை. ஜன்னலுக்குள் வைத்தோம்.

காலையில் ஜிப்மர். தைராய்டு சரியாக இருக்கிறது. செர்ட்ராலின் இப்போது 100, ஐந்து வாரம் தாண்டிவிட்டது. கோடுகள் 41-லிருந்து 12. "மருந்தா, தட்டாமாலையா, எது வேலை செய்யுது டாக்டர்?" என்று கேட்டேன். "ரெண்டையும் சேர்த்துத் தொடருங்க, வரவை அப்புறம் பிரிச்சு எழுதலாம்" என்றார், என் தொழில் தெரிந்தவராக. மதிய அல்பிரசோலத்தில் மட்டும் பாதி குறைப்பு. அடுத்த குறைப்பு சில வாரம் கழித்துத்தான். யோகாவை விட்டுவிட வேண்டாம், இங்கேயே அதற்குத் தனி மையம் இருக்கிறது, நான்கு வகுப்போடு நிறுத்தாமல் வாருங்கள் என்றார். இது போதாவிட்டால் வேறு மருந்துகளும் உண்டாம். முதல் தடவையாக, வரிசையில் இன்னும் ஆட்கள் இருப்பது ஆறுதலாக இருந்தது.

ஆக்ஸிமீட்டரை ஒரு வாரம் அரிசிப் பானையில் புதைத்துவைத்திருந்தேன், ஈரம் இழுக்கும் என்று. இன்று எடுத்து விரலில் மாட்டினேன். விளக்கு எரியவில்லை. மருந்துக் கடைக்குப் போய்ப் புதிது என்ன விலை என்று கேட்டேன். கடைக்காரர் எடுத்து மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிளீச்சிங் பவுடர் வாங்கிக்கொண்டு வந்தேன். வீடு இன்னும் சேற்று வாடை அடிக்கிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்றைய பாடம்: கடற்கரைச் சாலை, தனியாக, பை இல்லாமல், ஞாயிறு மாலைக் கூட்டத்தில். ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்தியதும் வடக்கிலிருந்து நடக்கத் தொடங்கினேன். சுண்டல், சோப்பு நுரை ஊதும் பொம்மை, வெளியூர்ப் பையன்களின் செல்ஃபி. காந்தி சிலை அருகே நிற்க இடம் இல்லை. ஐந்து மார்க்.

அங்கேதான் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் செத்தவர்களுக்குக் கட்டியது. சின்ன வயதில் தாத்தா இதன் முன்னால் வந்ததும் என் கையை விட்டுவிட்டு விறைப்பாக நிற்பார். அப்போது அவர் விரல்கள் ஆடும். விறைப்பாக நிற்பதால் ஆடுகின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பி வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். எட்டு. என் விரல்களும் ஆடின. ஆடட்டும் என்று விட்டேன். அலை பாறையில் மோதித் தண்ணீர் முகத்தில் தெறித்தது. ஏழு. மறுபடி எட்டு. குறையும்வரை நிற்க வேண்டும் என்பது பாடம். ஆறாகும்வரை நின்றுவிட்டு, ஆறோடு தெற்கே நடந்தேன்.

டூப்ளே சிலையை நெருங்கும்போது போன். மனைவி. இந்த எட்டு வருஷத்தில் அவளுடைய ஒவ்வொரு போனும் "நெஞ்சு எப்படி இருக்கு?" என்றுதான் தொடங்கியிருக்கிறது. கேட்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும், கேட்காமல் இருக்க அவள் படும் பாடு மூச்சில் தெரியும். நானே பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு எடுத்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"டூப்ளே சிலைகிட்ட."

"அப்போ வரும்போது அரை லிட்டர் பாண்லே பால் வாங்கிட்டு வாங்க. காலைக்கு இல்லை" என்றாள். வைத்துவிட்டாள்.